திருச்சியில் பிரஸ்பிட்டேரியன் கோயில் எங்கே?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. செங்கல்பட்டுக்காரர்களும் காஞ்சிபுரத்துக்காரர்களும் நினைக்கிற அர்த்தத்தில் திருச்சியில் ஒரு பிரஸ்பிட்டேரியன் கோயில் கிடையாது. ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் நாம் தேடுகிற விதமே மாறிவிடும் என்பது என் கட்சி.

பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிற ஒருத்திக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் திருமணம் நிச்சயம் ஆகியிருக்கிறது (படிப்பு முடிந்த பிறகுதான், பயப்படாதீர்கள்). எங்கள் வீடு மன்னார்புரத்தில், லுத்தரன் குடும்பம். அவருடைய சொந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம், வேலை திருச்சியில். பேப்பரில் அவர்கள் சி.எஸ்.ஐ. ஆனால் அந்த வீட்டில் பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. "நாங்க பிரஸ்பிட்டேரியன்" என்பார்கள். சொல்லும்போதே தோள் கொஞ்சம் நிமிரும். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருக்கப்போவது திருச்சியில். ஆகவே "அங்க நம்ம கோயில் எதுன்னு பார்த்து வைம்மா" என்று எனக்கு உத்தரவு. கல்யாணம் என்றால் பெண்தான் கோயில் மாற வேண்டும் என்பது எழுதாத சட்டம். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சண்டை போடவில்லை. ஆனால் எங்கே போய்ச் சேரப்போகிறேன் என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது எனக்கு இருக்கிறது இல்லையா? அதனால்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் அந்த வார்த்தை. கேட்பதற்கு ஏதோ ஊர்ப்பெயர் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது ஒரு நிர்வாக முறையின் பெயர். கிரேக்கத்தில் 'பிரெஸ்பிட்டெரோஸ்' என்றால் வயதில் பெரியவர். நம் தமிழ் வேதாகமத்தில் அதை 'மூப்பர்' என்று போட்டிருக்கிறார்கள். ஆக பிரஸ்பிட்டேரியன் சபை என்றால் மூப்பர்கள் நடத்துகிற சபை, அவ்வளவுதான். மேலே ஒரு பிஷப் உட்கார்ந்து உத்தரவு போடமாட்டார். ஒவ்வொரு கோயிலிலும் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் குருவும் சேர்ந்து ஒரு குழு. அதற்குப் பெயர் செஷன். அப்படிப் பல கோயில்கள் சேர்ந்து பிரஸ்பிட்டரி, அதற்கு மேல் சினாடு, எல்லாவற்றுக்கும் மேல் பொதுச்சபை. எந்த மட்டத்திலும் முடிவு எடுப்பது கூட்டம்தான், தனி ஆள் இல்லை. கம்பெனி சட்டம் படிக்கிற எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. போர்டு, மினிட்ஸ், கோரம் எல்லாம் இருக்கிறது, மேனேஜிங் டைரக்டர் மட்டும் இல்லை!

ஜெனீவாவில் கால்வின் போட்ட விதை இது. ஜான் நாக்ஸ் அதை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார். 1560-ல் அந்த நாடே அந்தப் பக்கம் சாய்ந்தது. மற்ற விவரங்களை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 1843-ல் ஸ்காட்லாந்து சபை இரண்டாக உடைந்தது. சண்டை திரித்துவம் பற்றியோ ஞானஸ்நானம் பற்றியோ இல்லை. ஒரு கோயிலுக்கு யார் குருவாக வருவது என்பதை அந்த ஊர்ப் பண்ணையார் முடிவு செய்வதா, சபையார் முடிவு செய்வதா என்பதுதான் சண்டை. சபையாருக்கே அந்த உரிமை என்று சொல்லி நானூற்றுக்கும் மேற்பட்ட குருமார்கள் சம்பளம், வீடு, கோயில் கட்டடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்து 'சுதந்திர சபை' அமைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். மாதச் சம்பளம், குடியிருக்கும் குருமனை, பிள்ளைகளின் படிப்பு... இத்தனையையும் தூக்கிப் போட்டது ஒரு வோட்டுரிமைக்காக! பிரஸ்பிட்டேரியன் என்று தோள் நிமிர்த்துகிறவர்கள் நிமிர்த்த வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, இவர்கள் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தார்கள்? சென்னையில் எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வட்டமான கூடமும் உயர்ந்த கோபுரமுமாக ஒரு வெள்ளைக் கோயில் இருக்கிறதே, செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், அது 1821-ல் திறந்தது. கம்பெனி வேலைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டியது. 'கிர்க்' என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் கோயில். அங்கே குருவாக இருந்தவர்கள் 1835-ல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதை நடத்த 1837-ல் ஜான் ஆண்டர்சன் வந்தார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்று தாம்பரத்தில் இருக்கிற சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. காஞ்சிபுரத்தில் அவர் பெயரிலேயே பள்ளி இருக்கிறது. செங்கல்பட்டில் செயின்ட் கொலம்பாஸ் பள்ளி, ராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரி எல்லாம் இந்த ஸ்காட்லாந்து மிஷன் வழி வந்தவை. 1843 சண்டையில் ஆண்டர்சனும் சுதந்திர சபைப் பக்கம் போனார். 

வடக்கே வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் வேறு ஒரு கூட்டம். அமெரிக்காவின் சீர்திருத்த சபை 1853-ல் அமைத்த ஆற்காடு மிஷன். ஸ்கட்டர் குடும்பம் என்றால் உங்களுக்குத் தெரியும், சி.எம்.சி ஆஸ்பத்திரி தொடங்கிய ஐடா ஸ்கட்டரின் குடும்பம். பெயரில் பிரஸ்பிட்டேரியன் இல்லையே தவிர நடைமுறை அதே மூப்பர் முறைதான்.

கவனித்தீர்களா, இந்த வரைபடத்தில் திருச்சி எங்கேயும் வரவில்லை. அந்தக் காலத்து மிஷன்கள் ஜில்லாக்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு வேலை செய்தன. இன்றைக்கு ஏஜென்சிக்காரர்கள் ஏரியா பிரித்துக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் விழுந்தது லுத்தரன்களுக்கும் ஆங்கிலிக்கன்களுக்கும் வெஸ்லியன் மெத்தடிஸ்டுகளுக்கும். தெப்பக்குளத்துப் பக்கம் ஷ்வார்ட்ஸ் ஐயர் 1766-ல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லாத செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில்தான் 1826-ல் திருச்சியில் இறந்துபோன பிஷப் ஹீபரின் கல்லறை இருக்கிறது (பிஷப் ஹீபர் காலேஜ் பெயர் அவருடையதுதான்). மன்னார்குடி, கரூர், தாராபுரம் எல்லாம் வெஸ்லியன்கள். எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகமே திருச்சியில் இருக்கிற தரங்கை வாசம்தான். இத்தனை பேர் இருந்த ஊரில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு வேலை இல்லை. ஆக செங்கல்பட்டில் இருக்கிற 'நம்ம கோயில்' மாதிரி ஒன்று இங்கே என்றைக்குமே இருந்ததில்லை.

அப்படியானால் செங்கல்பட்டில் மட்டும் ஏன் அந்தப் பெயர்ப்பலகை இல்லை? இங்கேதான் எனக்கே ஆச்சரியமான விஷயம் வந்தது. அந்தப் பெயரை யாரும் பிடுங்கவில்லை. அவர்களே விட்டுக்கொடுத்தார்கள்.

1901-ல் ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும் ஆற்காடு மிஷன் சபைகளும் இணைந்தன. 1908-ல் அவர்களோடு லண்டன் மிஷன், மதுரை அமெரிக்கன் மிஷன், யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் ஆகியவற்றின் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேர் தவிர அத்தனை பேரும் நம் ஆட்கள். திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-லேயே ஆங்கிலிக்கன் பிஷப் ஆன முதல் இந்தியர் அசரியாவும் அதில் இருந்தார். வெள்ளைக்காரன் ஊரில் அவன் போட்ட சண்டைகளை நாம் ஏன் இங்கே சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம். அதற்குப் பிறகு பேச்சு, பேச்சு, பேச்சு. 28 வருடம்! அசரியா 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார், பலனைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27-ந் தேதி, சுதந்திரம் கிடைத்து ஆறு வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ, பிறந்தது. (தரங்கம்பாடி எங்கள் லுத்தரன்களின் தாய்வீடு. ஆனால் அந்த ஐக்கியத்தில் நாங்கள் சேரவில்லை. இதை வைத்து அவர் என்னைக் கேலி செய்வார்.)

இழுத்தடித்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? பிஷப் வேண்டுமா வேண்டாமா என்பதுதான். ஆங்கிலிக்கன்களுக்குப் பிஷப் இல்லாமல் சபையே இல்லை. மூப்பர் வழி வந்தவர்களுக்குப் பிஷப் என்றாலே பண்ணையார் ஞாபகம். கடைசியில் செய்த ஏற்பாடு இது: பிஷப் இருப்பார், ஆனால் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டவராக, தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருப்பார். ஏற்கனவே அபிஷேகம் பெற்ற குருமார்களை மறுபடியும் அபிஷேகம் செய்யச் சொல்லமாட்டார்கள். பழக்கமில்லாத ஆராதனை முறையையோ, மனசாட்சிப்படி ஏற்கமுடியாத ஊழியரையோ எந்தச் சபை மீதும் திணிக்கமாட்டோம் என்று ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். 1843-ல் எடின்பரோவில் கேட்டதன் எதிரொலி இந்த வாக்குறுதியில் எனக்குக் கேட்கிறது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி, காஞ்சிபுரத்தில் வேலை செய்தவர், அசல் பிரஸ்பிட்டேரியன். 1947-ல் தன் 37-வது வயதில் மதுரை–ராமநாதபுரத்துக்குப் பிஷப் ஆனார். பிஷப்பே வேண்டாம் என்ற கூட்டத்திலிருந்து ஒரு பிஷப்! பிறகு 1965 முதல் 1974 வரை சென்னையிலும் அவர்தான் பிஷப். 'நாங்க பிரஸ்பிட்டேரியன்' என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இவரைத்தான். அவருக்கு இல்லாத பிரஸ்பிட்டேரியன் பாரம்பரியமா நமக்கு?

ஆக, பெயர்ப்பலகையில் 'பிரஸ்பிட்டேரியன்' என்று போட்டிருக்கிற ஏதோ ஒரு கோயிலைத் தேடிக் கண்டுபிடித்தாலும், அது செங்கல்பட்டுப் பாரம்பரியத்தின் தொடர்ச்சி ஆகிவிடாது. வடகிழக்கில் கதை வேறு. வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் 1841-ல் காசி மலைக்குப் போய் உண்டாக்கிய சபை இன்றும் ஷில்லாங்கைத் தலைமையாகக் கொண்டு இந்திய பிரஸ்பிட்டேரியன் சபை என்ற பெயரிலேயே இருக்கிறது. மிசோரத்தில் தடுக்கி விழுந்தால் பிரஸ்பிட்டேரியன் கோயில்தான். அவர்களுக்கு அந்தப் பெயர் வீட்டுப் பெயர். நம் ஊரில் அது தாத்தா காலத்தில் விட்டுக்கொடுத்த பெயர். விட்டுக்கொடுத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். அதைத் திரும்பவும் எடுத்து மாட்டிக்கொள்வது அந்தத் தாத்தாக்களுக்குச் செய்கிற மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, திருச்சியில் ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ கோயிலுக்குப் போனால் முடிந்தது என்றால், அங்கேதான் சின்னச் சின்ன உறுத்தல்கள் வரும். பழைய பிரஸ்பிட்டேரியன் வழக்கப்படி திருவிருந்தில் சபையார் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், மூப்பர்கள் அப்பத்தையும் ரசத்தையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆங்கிலிக்கன் வழி வந்த கோயிலில் முன்னே போய் முழங்கால் போட வேண்டும். லுத்தரன் எனக்கு அது பழக்கம்தான். அந்தப் பாட்டிக்கு அது உறுத்தும் (முட்டி வலியும் ஒரு காரணம்). குருவானவரின் அங்கி, மெழுகுவர்த்தி, எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது எல்லாம் கொஞ்சம் மாறும். பாமாலையும் கீர்த்தனையும் எங்கே போனாலும் இருக்கும், அதில் பிரச்சினை இல்லை. இவற்றுக்கு ஆறு மாதத்தில் பழகிவிடுவார்கள். உட்காருவதும் முழங்கால் போடுவதும் பாரம்பரியத்தின் மேல்சட்டைதான்.

உள்ளே இருப்பது வேறு. சேகரக் குழுத் தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா? வருடக் கணக்கை சபையார் முன்னால் வைக்கிறார்களா, கேள்வி கேட்டால் பதில் வருகிறதா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த பணம் எங்கே போனது என்று ஒரு சாதாரணச் சந்தாதாரர் எழுந்து கேட்க முடியுமா? கேட்டவரை அடுத்த வாரம் எல்லோரும் முறைக்காமல் இருப்பார்களா? இதுதான் மூப்பர் முறையின் உயிர். சி.எஸ்.ஐ-யின் மேல்மட்டத் தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனதைச் செய்தித்தாள் படிக்கிற எல்லோரும் அறிவோம். அதைப் பார்த்து "பாத்தியா, பிஷப் வந்தா இப்படித்தான்" என்று அவருடைய பெரியப்பா சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. கீழே சேகரத்தில் மூப்பர் மாதிரி உட்கார்ந்து கணக்குக் கேட்க ஆள் இல்லாவிட்டால் மேலே யார் இருந்தாலும் இப்படித்தான் ஆகும். பிரஸ்பிட்டேரியன் வீட்டுப் பிள்ளைகள் தனிப் பெயரைத் தேடி ஒதுங்குவதை விட, பக்கத்துச் சேகரத்தில் சேர்ந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எவ்வளவோ நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் போனால் எல்லாம் பாசாங்கு ஆகிவிடும். 'நம்ம கோயில்' என்று சொல்லும்போது நம் ஜனங்கள் எப்போதும் ஆராதனை முறையை மட்டும்தான் சொல்கிறார்களா? திருமண விளம்பரங்களைப் பாருங்கள். சி.எஸ்.ஐ, ஆர்.சி, லுத்தரன் என்று போட்டுவிட்டு அடுத்த வார்த்தை என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே ஊரில் ஒரே சபைக்கு இரண்டு கோயில் ஏன் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். எனக்குக் கோயில் தேடும் வேலை வந்தபோது உறவுக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம ஆளுங்க எந்தக் கோயிலுக்குப் போறாங்கன்னு விசாரிச்சுட்டுச் சேருங்க." அவர் பிரஸ்பிட்டேரியன்களைச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவருக்கு நான் ஆண்டர்சன் கதையைச் சொன்னேன். பள்ளியை எடுத்து நடத்தத் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1838-ல், தலித் சிறுவர்கள் சிலர் வகுப்பில் இருப்பது தெரிந்து பெரிய கலகம். அவர்களை வெளியே அனுப்பு, அல்லது தனி பெஞ்சாவது போடு என்று மற்ற வீடுகளிலிருந்து நெருக்கடி. ஆண்டர்சன் மறுத்துவிட்டார். பிள்ளைகள் கூட்டமாக விலகினார்கள். காலியான வகுப்பைப் பார்த்தும் அவர் மாறவில்லை. செங்கல்பட்டுக் குடும்பம் பெருமையாகச் சொல்கிற பாரம்பரியத்தில் இதுவும் சேர்த்திதானே? உட்கார்ந்து திருவிருந்து வாங்குவதை வைத்துக்கொண்டு இதை விட்டுவிட முடியுமா? உறவுக்காரர் பேச்சை மாற்றி காபி கேட்டார்.

பெண்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாறப்போகிறவள் நான். ஸ்காட்லாந்து சபை 1966-ல் பெண்களை மூப்பர்களாகவும் 1968-ல் குருமார்களாகவும் ஏற்றது. சி.எஸ்.ஐ-யில் 1976-லேயே பெண் குரு வந்துவிட்டார். 2013-ல் நந்தியாலுக்கு புஷ்பலலிதா பேராயராக வந்தார், சி.எஸ்.ஐ-யின் முதல் பெண் பேராயர். ஆனால் சேகரக் குழு மேஜையைச் சுற்றி எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு கோயிலிலும் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். பெண்கள் ஐக்கிய சங்கம், கேக் விற்பனை, ஞாயிறு பள்ளி, இதோடு நிறுத்தி வைத்திருக்கிறார்களா, கணக்குப் புத்தகம் வரைக்கும் விடுகிறார்களா? கணக்குப் பாடத்தில் நல்ல மார்க் வாங்குகிற மருமகள் ஒருத்தி வருகிறாள் என்று அவர்களுக்கும் தெரியட்டுமே!

அவர் வீட்டுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். திருச்சியில் தனியாகப் பிரஸ்பிட்டேரியன் கோயில் வேண்டாம். வாடகைக்கு வீடு எங்கே அமைகிறதோ அந்தப் பகுதிச் சி.எஸ்.ஐ சேகரத்தில் சேருவோம். சொந்த ஊர்ச் சேகரத்திலிருந்து மாற்றுக் கடிதம் அவருக்கு அங்கிருந்து வரட்டும். எனக்கு எங்கள் லுத்தரன் சபையிலிருந்து நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன், என் பெயரில், தனியாக. அவருடைய கடிதத்தின் அடியில் 'மற்றும் மனைவி' என்று ஒரு வரியாகப் போக மாட்டேன். ஓலை வாசிப்பது இரண்டு இடத்திலும் மூன்று ஞாயிறு நடக்கும், அதில் ஒன்றும் மாற்றமில்லை. சேருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும், முடிந்தால் வருடாந்திர சபைக் கூட்டத்துக்கும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

அவர் சரி என்றுவிட்டார். அத்தை, "எல்லாம் சரி, கூட்டத்துல போய் நீ எதுவும் எந்திரிச்சுக் கேக்காம இருந்தா போதும்" என்றார். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.